அம்மாவின் அறைக்குப் போகும் லைன்

மகளே,

நேற்றுப் பின்னேரம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை இங்கே உரும்பிராயில் உங்கள் அறைக்கு ஏசி வாங்கிவிட்டார், வெள்ளிக்கிழமை சிநேகிதர் ஒருவரோடு வந்து பூட்டப் போகிறார், எந்த லைனில் கொடுப்பது என்று கேட்டாய். "வரட்டும், பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உனக்குப் பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்பது உன் குரலிலேயே தெரிந்தது. கலியாணம் முடிந்து பதினொரு நாளாக மீசாலையில் அந்த வீட்டில் இருந்துகொண்டு, அம்மாவின் சுகத்தைக்கூட நீ ஒளித்து ஒளித்துத்தான் கேட்கிறாய். "அம்மா சாப்பிட்டவவோ" என்று கேட்டால், அம்மாவின் ஒட்சிசன் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று அர்த்தம். அப்படிக் கேட்க உன்னைப் பழக்கினவன் நான். ஆகவே இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை, வெங்காயக் கணக்கைத் தவிர வேறொன்றும் எழுதினதில்லை. பொறுமையாக வாசி.

உரும்பிராய் வீட்டை உன் பெயருக்குச் சீதனமாக எழுதியாயிற்று, நீங்கள் இருவரும் இனி எங்களோடு இங்கேதான் இருக்கப் போகிறீர்கள். கலியாணத்துக்கு முதல் கிழமை திறப்புக்கோர்வையை உன் கையில் தந்து, எது பின்கதவுக்கு, எது அலுமாரிக்கு, கிணற்றடிக் கொட்டிலுக்கு எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தேன். நீ சிரித்தாய், பிறந்த வீட்டுத் திறப்பை எனக்கே படிப்பிக்கிறீங்களோ என்று. சுவருக்குள் ஓடுகிற வயரைப் பற்றி மட்டும் அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்ட அன்று, அந்தப் பலகாரச் சூட்டில் நடந்ததையும் சொல்லவேண்டி வந்திருக்கும். அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

கூரையில் சோலரை நீ ஏன் பூட்டினாய் என்பது உனக்கு நினைவிருக்கும். அம்மாவின் நுரையீரல் இனி நல்லாக வராது, ஒரு நாளில் பதினாறு மணித்தியாலமாவது ஒட்சிசன் பிடிக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லி, மெஷின் வீட்டுக்கு வந்த முதல் கிழமையிலேயே ஒரு மத்தியானம் கரண்ட் நின்றது. இருந்த ஒரே சிலிண்டரும் அரைவாசி. நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சைக்கிளைக்கூட ஸ்டாண்டில் விடாமல் ஓடிவந்து அம்மாவின் காலடியில் இருந்தாய். சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கரண்ட் வந்தபோது நீ சொன்ன ஒரே சொல், "இனி இப்பிடி இருக்கேலாது அப்பா" என்பதுதான். மூன்று மாதத்துக்குள் கூரையில் தகடுகள் ஏறின. பக்க விறாந்தையில் பற்றரியும் இன்வேட்டரும் வந்தன.

பூட்ட வந்த தவராசா, என் வயதுக்காரர், அதிகம் கதைக்காதவர். வீட்டு வயரிங்கை இரண்டாகப் பிரித்தார். கரண்ட் நின்றாலும் ஓடவேண்டியவை ஒரு பக்கம்: அம்மாவின் அறை, பிரிட்ஜ், லைட்டுகள், இரண்டு காற்றாடி. கேத்தல், அயன் பொக்ஸ், கிணற்று மோட்டர் எல்லாம் மற்றப் பக்கம். பற்றரி லைனில் உள்ள பிளக்குகளுக்குச் சிவப்புப் பொட்டு வைத்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணை, பற்றரியிலை எவ்வளவு இருக்கெண்டு பாத்து ஏமாறாதேங்கோ. ஒரே நேரத்திலை எவ்வளவு இழுக்கலாம் எண்டதுதான் கணக்கு" என்றார். நான் தலையாட்டினேன். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். முப்பது வருடம் தோட்டத்து இறைப்பு மெஷினைக் கழற்றிப் பூட்டினவனுக்கு இவர் என்ன சொல்லித் தருவது என்று உள்ளுக்குள் ஒரு திமிர்.

அதற்குப் பிறகுதான் உனக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினோம். முதலாவது வந்த இடம் எப்படிக் கைநழுவியது என்பதை நான் உனக்கு முழுக்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் அம்மாவின் மூக்கில் குழாயைக் கண்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, சாதகம் பொருந்தவில்லையாம் என்றார். சந்தையில் வேறொருவர் என்னிடம் நேரேயே கேட்டார், உங்கள் வீட்டில் சயரோகமாமே என்று. வெங்காயப் பிடியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நீ குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது. உனக்கும் அந்தக் கதை எட்டியிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. அந்தத் தண்ணீர்ச் சத்தம் என்னைப் பயங்கொள்ளி ஆக்கிவிட்டது, பிள்ளை. மீசாலைச் சம்பந்தம் வந்தபோது நானாகவே சொல்லிவிட்டேன், அவவுக்குக் கொஞ்சம் தொய்வு, மழைநாளில் இழுக்கும், வேறொன்றுமில்லை என்று. நீ என்னோடு மல்லுக்கட்டினாய். "அவரிட்டைச் சொல்லுவம் அப்பா, அவர் விளங்கிக்கொள்ளுவார்" என்று எத்தனை தரம் கேட்டாய். கலியாணம் முடியட்டும் என்று உன் வாயை அடைத்தேன். அம்மா அவர்கள் வரும் நாட்களில் குழாயைத் தானே கழற்றிச் சுருட்டித் தலையணைக்குக் கீழ் வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தா.

வீடு பார்க்க அவர்கள் வந்த அன்று, விறாந்தையில் இருந்த இன்வேட்டரைக் கண்டு மாப்பிள்ளையின் அம்மா இதென்ன என்று கேட்டா. உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாதல்லவா. ஆகவே பெருமை அடித்தேன். ஊர் முழுக்க இருட்டானாலும் எங்கள் வீட்டில் ஒன்றும் நிற்காது, கிணற்று மோட்டர்கூட ஓடும் என்றேன். சொன்ன பிறகு அது உறுத்தத் தொடங்கியது. கலியாண வேலைகளுக்கு ஆட்கள் வருவார்கள், கரண்ட் நின்றால் குட்டு வெளிப்படும். தவராசாவைக் கூப்பிட்டு மோட்டரையும் குசினிப் பிளக்கையும் பற்றரி லைனுக்கு மாற்றச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "அது உங்கடை மனிசியின்ரை மூச்சு ஓடுற லைன் அண்ணை, அதிலை கை வைக்கமாட்டன்" என்றார். அவர் போன மறுநாள், நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், மெயினை நிப்பாட்டிவிட்டு நானே மாற்றினேன். சிவப்புப் பொட்டு வைக்கவில்லை. வைத்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரியும்.

பலகாரச் சூட்டன்று காலை நீ சட்டை அளவு பார்க்க நல்லூர்த் தையல் கடைக்குப் போயிருந்தாய். வீட்டில் எங்கள் பெண்டுகள் பத்துப் பன்னிரண்டு பேர், அவர்கள் பக்கத்திலிருந்து சம்பந்தியம்மாவும் இன்னும் மூன்று பேரும். முதற்பணியாரத்தை நல்ல நேரத்தில் எண்ணெயில் போடவேண்டும், பெண்ணின் தாய் நிற்காமல் எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். அம்மா குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, மயில்கழுத்து நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் நின்றா. கால் மணித்தியாலம் நின்றிருப்பா. சிரித்துக்கொண்டேதான் நின்றா, ஆனால் கழுத்து நரம்பு இழுபடுவதை நான் கண்டேன். தலையிடிக்கிறது என்று சொல்லி நான்தான் கைப்பிடியாகப் பின்னறைக்குக் கொண்டுபோய்க் குழாயைப் போட்டுவிட்டேன். மெஷினின் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று கதவைச் சாத்தினேன். முற்றத்தில் நாதஸ்வரப் பாட்டுப் போட்டிருந்த ஸ்பீக்கர் பொக்ஸின் சத்தத்தையும் கூட்டிவிட்டேன். அவசரத்துக்கென்று இருந்த சிலிண்டர் அலுமாரிக்குப் பின்னால், சேலையால் மூடி இருந்தது.

பத்து மணிபோல ஊரில் கரண்ட் நின்றது. பக்கத்து வீட்டு அரவை மெஷின் ஓய்ந்தது, எங்கள் வீட்டில் காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. சம்பந்தியம்மாவோடு வந்த ஒரு மாமி, கரண்ட் நின்றது இங்கே தெரியவே இல்லை என்று வியந்தா. எனக்கு உச்சி குளிர்ந்தது. விறாந்தைக்குப் போய் இன்வேட்டரின் கண்ணாடித் திரையைப் பார்த்தேன், பற்றரி நூறு என்று காட்டியது. நூறு இருக்கும்போது என்ன பயம் என்று நினைத்தேன். தவராசா சொன்னதை அப்போதுகூட நான் விளங்கிக்கொள்ளவில்லை. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாய் ஒன்றரை அங்குலம் என்றால் அவ்வளவுதான் வரும் என்பது எந்தத் தோட்டக்காரனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த இன்வேட்டர் ஒரே நேரத்தில் மூவாயிரம் வாட்ஸ்தான் கொடுக்கும். குசினியில் தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது, அது ஒன்றே இரண்டாயிரம். யாரோ மிக்ஸியில் சீனி அரைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் மெஷின், பிரிட்ஜ், காற்றாடி எல்லாம் ஓடின. அப்போது கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் பைப்பில் தண்ணீர் வரவில்லை என்றார்கள். அந்த மாமி எழும்பி மோட்டர் சுவிச்சடிக்குப் போனா.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அவவின் கை சுவிச்சுக்குப் போவதைக் கண்டேன். மோட்டர் ஓடத் தொடங்கிய பிறகு ஆயிரத்துக்குள்தான் எடுக்கும், ஆனால் புறப்படும் அந்தக் கணத்தில் மூன்று நாலு மடங்கு இழுக்கும். இது எனக்குத் தெரியாத காரியமா? போடாதேங்கோ என்று ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பா. மோட்டரும் ஓடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்பா. அந்த ஏனுக்கு என்னிடம் இருந்த ஒரே பதில் பின்னறையில் கதவுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவ சுவிச்சைப் போடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மோட்டர் ஒருதரம் உறுமியது. காற்றாடிகள் நின்றன. இன்வேட்டர் தானாகவே திரும்ப எழும்பியது, மோட்டர் மறுபடி உறுமியது, மறுபடி எல்லாம் நின்றன. மூன்றாம் தரமும் அப்படியே. அதற்குப் பிறகு அது எழும்பவில்லை, சிவப்பு லைட்டைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. யாரோ பகிடியாக, பெருமை பேசினால் இப்படித்தான் என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளை, அந்தச் சிரிப்பு எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது. என் மானம் போனதைத்தான் முதலில் நினைத்தேன். அம்மாவை அதற்குப் பிறகுதான் நினைத்தேன். கரண்ட் இல்லாவிட்டால் அந்த மெஷின் கத்தும். பொக்ஸ் தன் சொந்தச் சார்ஜில் பாடிக்கொண்டே இருந்ததால் அந்தக் கத்தல் யாருக்கும் கேட்கவில்லை. நினைவு வந்த பிறகும் நான் ஓடவில்லை. ஓடினால் பின்னால் ஆட்கள் வருவார்கள் என்று நடந்தேன்.

கதவைத் திறந்தபோது அம்மா கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தா. உதடு நாவற்பழம் தின்றவர்களுடையது போல இருந்தது. என்னைப் பார்த்துக் கையை நீட்டினா. அந்த நேரம் நடையில் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தேன், சம்பந்தியம்மா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்துகொண்டிருந்தா. அலுமாரிக்குப் பின்னால் சிலிண்டர் எனக்கு மூன்றடி தூரம். கதவு இரண்டடி. நான் கதவைச் சாத்திக் கொழுக்கியைப் போட்டேன். பிறகுதான் சிலிண்டரிடம் போனேன்.

சேலையை இழுத்தால் அது சிலிண்டரின் கழுத்தில் சிக்கியது. திறக்கிற சாவி வழமையாகத் தொங்குகிற இடத்தில் இல்லை, யாரும் காணக்கூடாது என்று நானே காலையில் மேசை லாச்சிக்குள் வைத்தது. லாச்சியைத் தடவினேன். வெளியே சம்பந்தியம்மா கதவைத் தட்டினா. "என்ன அண்ணை, அவவுக்கு ஏலாமல் கிடக்கே?" என்று கேட்டா. நல்ல மனிசி, அக்கறையோடுதான் கேட்டா. நான் என் குரலைச் சரிசெய்துகொண்டு, "இல்லை, இப்பதான் கண்ணயர்ந்தவ. தேத்தண்ணியை உதிலை வையுங்கோ" என்றேன். அதைச் சொல்லும்போது அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகிக்கொண்டிருந்தன. சாவி கிடைத்துத் திறந்து குழாயை மாற்றி, அவவுக்கு மூச்சு வந்து, அந்த விரல்கள் தளரும் வரைக்கும் நான் கடவுளைக்கூட நினைக்கவில்லை. வெளியே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மோட்டர் பழுது என்று எல்லாருக்கும் சொன்னேன், கரண்ட் வந்ததும் அம்மாவைத் திரும்ப மெஷினுக்கு மாற்றினேன். நீ பன்னிரண்டு மணிக்கு வந்து, அம்மா ஏன் வெளிறிப்போய் இருக்கிறா என்று கேட்டாய். எண்ணெய்ப் புகை என்றேன். நீ நம்பினாய்.

பின்னேரம் எல்லாரும் போனபிறகு அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவ குடித்து முடித்துக் கோப்பையைத் தரும்போது சொன்னா:

"முதலிலை கதவைத்தான் சாத்தினீங்கள். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

நான் நிலத்தைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் ஒன்றாக வாழ்ந்தோம், சண்டையில் ஊரை விட்டு ஓடினோம், திரும்பி வந்து கூரையில்லாத வீட்டில் இருந்தோம். ஒருநாளும் அவ என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு அவ, "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கலியாணம் முடியட்டும்" என்றா. நான் உனக்குச் சொன்ன அதே சொல்லை எனக்குத் திருப்பித் தந்தா. கலியாண மண்டபத்தில் அவ இரண்டு தரம் எழும்பிப் போனது தலைச்சுற்றால் இல்லை. வெளியே நின்ற வான் வண்டிக்குள் சிலிண்டர் இருந்தது. தாலி கட்டும் நேரம் மட்டும் எழும்பமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தா, உன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று.

நீங்கள் போன மறுநாளே நான் பூட்டின வயரைப் பிடுங்கினேன். தவராசாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை, ஏசியிருக்கலாம். எல்லாவற்றையும் பழையபடி பிரித்து, அம்மாவின் அறைக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன இன்வேட்டரும் பற்றரியும் வைத்துத் தந்தார். பெரியது விழுந்தாலும் அது விழாது. சிலிண்டர் இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில், எல்லாரும் காணும் இடத்தில் நிற்கிறது. சாவியை அதன் கழுத்திலேயே கட்டிவிட்டேன். கரண்ட் நின்றால் நீ செய்யவேண்டியது, முதலில் போய் அம்மாவின் மெஷினைப் பார்ப்பது. பிறகு கேத்தலோ மோட்டரோ அயன் பொக்ஸோ எதுவும் வேண்டாம், கரண்ட் வரட்டும். தண்ணீர் வேண்டுமென்றால் கிணற்றில் வாளி இருக்கிறது, அள்ளலாம். தண்ணீர்த் தாங்கி காலையிலேயே நிறைந்திருந்தால் அதுவும் வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வெயில் இல்லாத நாளில் பின்னேரமே பற்றரியைப் பார்த்துவிடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவராசாவுக்குச் சொல். இதெல்லாம் உனக்கே தெரியும், என்னைவிடக் கூடவே தெரியும். மாப்பிள்ளையின் ஏசியை மற்ற லைனில் தாராளமாகக் கொடுக்கலாம், பற்றரி லைனில் கூடாது. கூடாது என்றால் ஏன் என்று அவர் கேட்பார். கேட்கவேண்டியதுதான்.

அந்த ஏனுக்குப் பதில் சொல்லாமல் எந்த வயரைப் பிரித்தும் பிரயோசனமில்லை. வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் பின்னறையில் யார் இருக்கிறா, எதில் மூச்சு விடுகிறா என்று தெரிந்திருக்கவேண்டும். அன்றைக்கு அந்த மாமிக்குத் தெரிந்திருந்தால் அவவின் கை சுவிச்சுக்குப் போயிருக்காது. சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்திருந்தால், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எனக்கு முதல் அவ சிலிண்டரைத் திறந்திருப்பா. அப்படிப்பட்ட மனிசரிடம்தான் நான் மறைத்தேன். உன்னையும் மறைக்கவைத்தேன். புதுசாகக் கலியாணம் முடித்தவள் புருஷனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தாயைப் பற்றிச் சங்கேதத்தில் கதைக்கிற நிலைக்கு உன்னைக் கொண்டுவந்தேன். இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவ தந்தாவா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, கஞ்சி மட்டும் கேட்டு வாங்கிக் குடிக்கிறா.

நான் மறைத்தது உன் வாழ்க்கைக்காக என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக்க அப்படியில்லை. சந்தையில் இன்னொருவன் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டுவிடக்கூடாது என்ற பயமும் அதில் இருந்தது. இது தெரிந்தால் அவர்கள் கோபிக்கலாம். ஏமாற்றிவிட்டீர்கள் என்று சொல்லலாம், அது உண்மைதான். மாப்பிள்ளை உன்னோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்காமலும் விடலாம். அவர் கோபித்தால் நீ எனக்காக வாதாடாதே, ஆனால் உனக்காக ஒன்று சொல்: நான் சொல்லுவம் என்றுதான் கேட்டேன், அப்பாதான் விடவில்லை என்று சொல். அது என்னைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. நாளைக் காலை பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். நான் திரும்பி வரும்வரைக்கும் அம்மாவோடு பக்கத்து வீட்டுத் தங்கச்சி இருப்பா, அவவுக்கு உண்மையைச் சொல்லிச் சிலிண்டர் திறக்கவும் பழக்கிவிட்டேன். உன் கையில் இதைத் தந்து, அறைக்குள் போய் இருந்து வாசி பிள்ளை என்று சொல்லுவேன். இவ்வளவையும் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். எனக்கு அந்த நேரம் வேண்டும். இந்த வரிக்கு நீ வந்து சேரும்போது, சம்பந்தியம்மாவையும் மாப்பிள்ளையையும் முன் விறாந்தையில் இருத்தி நான் சொல்லிக்கொண்டிருப்பேன். என் குரல் உனக்குக் கேட்கும், தடுமாறினாலும் வெளியே வராதே. கதவைச் சாத்தின கட்டத்தை நான்தான் சொல்லவேண்டும்.

அப்பா